பாலோ பக்கம் வராத ராட்சசன்

காட்ஸில்லாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த வயதுக்காரரைப் பார்த்து ‘என்ன இப்படி உடம்பு போட்டுவிட்டது’ என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. 2014ல் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய ஹாலிவுட் படத்தில் புது உருவத்தைக் கண்டதும் ஜப்பானிய ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். கழுத்து தோளுக்குள் போய்விட்டது, அமெரிக்கச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரே கிண்டல். படம் திரைக்கு வந்த பிறகு வேறொரு புகார் கிளம்பியது. இரண்டு மணி நேரப் படத்தில் ராட்சசன் தலைகாட்டுவது சுமார் பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க மனிதர்கள் ஓடுகிறார்கள், அழுகிறார்கள், தொலைபேசியில் பேசுகிறார்கள். டிக்கெட் வாங்கியது யாரைப் பார்க்க?

பழைய ராட்சசனைத் தூசி தட்டி, கதையை முதலிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் இப்படி ஒரு வழக்கு விசாரணை உண்டு. 1998ல் ரோலண்ட் எமெரிக் எடுத்த படத்துக்குக் கிடைத்ததுதான் கடுமையான தீர்ப்பு. அவர் காட்டியது ஒல்லியாக ஓடும் ஒரு பெரிய பல்லி. நியூயார்க்கில் முட்டையிட்டது, போர் விமானங்களின் ஏவுகணை பட்டுச் செத்தும் போனது. ஏவுகணைக்குச் சாகும் காட்ஸில்லாவா! பெயரில் மட்டும்தான் காட்ஸில்லா என்று ரசிகர்கள் கைகழுவினார்கள். உரிமையாளரான தோஹோ நிறுவனமே பிறகு அந்தப் பிராணியின் பெயரை ‘ஸில்லா’ என்று சுருக்கிவிட்டது. 2004ல் வந்த ‘காட்ஸில்லா: ஃபைனல் வார்ஸ்’ படத்தில் அசல் காட்ஸில்லா அதைச் சிட்னி நகரத்தில் சந்தித்து, சில நொடிகளில் கதையை முடித்தது. ரசிகர்களின் கோபத்தை ஒரு நிறுவனமே திரையில் நிறைவேற்றி வைத்தது சினிமா உலகில் அடிக்கடி நடப்பதில்லை.

இந்தச் சண்டையில் பாலோவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம், கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு போகும் ரயில் பாதையில் உள்ள சிற்றூர் அது. ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. படம் பார்க்க வேண்டுமானால் குளுவாங்குக்குப் போக வேண்டும். அங்கே திரையில் ராட்சசன் உறுமும்போது கீழே மலாயிலும் சீனத்திலும் எழுத்து ஓடும். தமிழ்ப் பிள்ளைகள் மலாயைப் படித்துக்கொண்டு பார்ப்பார்கள். முந்தைய தலைமுறைக்கு அந்தச் சிரமமும் இல்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி மாதத்துக்கொரு படம் காட்டிய நாட்களில் எம்.ஜி.ஆர். அடித்தால் போதும், அடிபடுகிறவன் எவ்வளவு உயரம் என்று யாரும் அளக்கவில்லை. இன்றைய பிள்ளைகள் அளக்கிறார்கள். 1954ன் காட்ஸில்லா 50 மீட்டர், 2014ல் 108 மீட்டர், 2016ன் ‘ஷின் காட்ஸில்லா’ 118.5 மீட்டர், 2023ல் மறுபடி 50 மீட்டருக்குத் திரும்பியது என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உண்டு. வெட்டிப்போட வேண்டிய வயது வந்த செம்பனை மரங்களை மூன்று நான்கு ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினால் அந்த 50 மீட்டர் வந்துவிடும்.

2024 மலேசியாவில் இந்த ரசிகர்களுக்கு நல்ல ஆண்டு. ஒரு பக்கம் ஹாலிவுட்டின் ‘காட்ஸில்லா எக்ஸ் காங்’. அதில் நம் ராட்சசன் ரோமாபுரியின் கொலோசியத்துக்குள் பூனை மாதிரி சுருண்டு தூங்குகிறது, எகிப்தியப் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் காங்கோடு மல்லுக்கட்டுகிறது, முதுகு ரோஜா நிறத்தில் ஒளிர்கிறது. செலவு 13 கோடி டாலருக்கு மேல். இன்னொரு பக்கம் நெட்பிலிக்ஸ் வழியாக வீட்டுக்குள் வந்த ஜப்பானின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. இதன் செலவு ஒன்றரைக் கோடி டாலரைக்கூட எட்டவில்லை. இயக்குநர் தகாஷி யமாஸாக்கியே காட்சி வித்தைகளுக்கும் பொறுப்பேற்று, 35 கலைஞர்களை வைத்துக்கொண்டு 610 ஷாட்டுகளைச் செய்து, அந்த ஆண்டின் ஆஸ்கரைத் தூக்கிக்கொண்டு போனார். காட்ஸில்லா குடும்பத்துக்கு அதுவே முதல் ஆஸ்கர். ரசிகர் பட்டாளம் இரண்டாகப் பிரிந்தது. முதல் கட்சிக்கு அடிதடி வேண்டும். பாப்கார்னுக்குத் தகுந்த படம் என்று அதில் நியாயமும் உண்டு. இரண்டாம் கட்சி ‘மைனஸ் ஒன்’ படத்தில் மனிதர்களுக்காகவும் கண் கலங்க முடிகிறது என்று வாதாடுகிறது. 2014ல் மனிதர்கள் அதிகம் என்று திட்டிய அதே ஆட்கள்தான் இவர்களும்.

என் ஓட்டு இரண்டாம் கட்சிக்கு. ஆனால் ஜொகூரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் எழாத ஒரு கேள்வி எழுகிறது.

முதலில் கதை. இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்கள். விமானத்தோடு எதிரிக் கப்பல் மேல் மோதிச் சாக வேண்டிய விமானி ஷிகிஷிமா, இயந்திரக் கோளாறு என்று பொய் சொல்லி ஒரு தீவில் இறங்குகிறான். அன்றிரவே காட்ஸில்லா வருகிறது. சுட வேண்டிய நேரத்தில் கை நடுங்குகிறது. அங்கிருந்த ஆட்கள் சாகிறார்கள். எரிந்துபோன தோக்கியோவுக்குத் திரும்பியவன் யாரோ பெற்ற குழந்தையையும் யாரோ ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு குடும்பம் மாதிரி ஒன்றை நடத்துகிறான். அமெரிக்காவின் பிகினி அணுகுண்டுச் சோதனையில் ராட்சசன் வீங்கிப் பெரிதாகி 1947ல் தோக்கியோவின் கின்ஸாப் பகுதியை மிதிக்கிறது. அரசாங்கம் கைவிட, பழைய கடற்படைக்காரர்கள் தாங்களே கூடி அதைக் கொல்லக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் ஒரு விஞ்ஞானி பேசுகிறார். நம் நாடு உயிரை மலிவாக நினைத்தது. டாங்கிகளுக்குக் கவசம் போதவில்லை, போன இடத்துக்குச் சோறு போகவில்லை, விமானி தப்பிக்க இருக்கை வைக்கவில்லை என்று அடுக்குகிறார். படத்தின் உயிர் அந்தப் பேச்சு.

எங்கள் கேள்வியும் அங்கேதான் முளைக்கிறது. மலிவாக நினைக்கப்பட்டது ஜப்பானியச் சிப்பாயின் உயிர் மட்டும்தானா?

1942 ஜனவரி 14ல் கெமாஸ் அருகே ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து தாக்கியும், மலாயாவுக்குள் புகுந்திருந்த ஜப்பானியர் நிற்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் குளுவாங் விமானத் தளம் அவர்கள் கைக்குப் போனது. 31ஆம் தேதி பிரிட்டிஷார் ஜொகூர் நீரிணையின் இணைப்புப் பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கினார்கள். பிப்ரவரி 15ல் சரணடைந்தார்கள். அடுத்து வந்தது சயாம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை. கூலி கிடைக்கும், சோறு கிடைக்கும் என்று சொல்லி ஜப்பானியர் முதலில் அழைத்தார்கள். பிறகு தோட்டங்களில் நுழைந்து அள்ளினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 அளவில் இருக்கும் என்கிறார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் தண்டவாளம் இரு முனையும் சேர்ந்தது. அதற்கான இரும்பில் ஒரு பகுதியும் நம்முடையதுதான்: தம்பின் – மலாக்கா கிளைப்பாதையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜொகூரிலிருந்து ரயிலில் வடக்கே போக அன்று ஒரே தடம்தான். குளுவாங்கும் பாலோவும் லாபிஸும் சிகாமட்டும் வரிசையாக நிற்கும் தடம். சயாமுக்கு ஆள் ஏற்றிய சாமான் பெட்டிகள் வேறு எந்த வழியாகவும் போயிருக்க முடியாது. அந்தச் சாவுகளைத் தமிழில் எழுதியவர்கள் உண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைப் படித்த மலேசியத் தமிழ் வாசகர், கின்ஸாவில் ரயில் பெட்டியைக் காட்ஸில்லா வாயில் கவ்வித் தூக்கும் காட்சியைப் பார்த்தால் மற்றவர்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு மட்டும் பார்க்க முடியாது.

படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இது குடிசையில் வாழும் ஒரு தோற்ற சிப்பாயின் கதை; அவன் கண்ணுக்கு எட்டியதைத்தான் காட்ட முடியும். மேலும் அந்தப் பேச்சு போரைப் புகழவில்லை, ஏசுகிறது. ஒப்புக்கொள்கிறேன். 1954ல் முதல் படத்தை எடுத்த இஷிரோ ஹோண்டாவே சீனாவில் சிப்பாயாக இருந்து திரும்பியவர். வழியில் அழிந்த ஹிரோஷிமாவைப் பார்த்தவர். அந்த ஆண்டு மார்ச் 1ல் பிகினியில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மேல் விழுந்தது. செப்டம்பரில் படகின் வானொலிக்காரர் இறந்தார். நவம்பர் 3ல் படம் வெளிவந்தது. காட்ஸில்லா பிறக்கும்போதே பாதிக்கப்பட்டவனின் குரலோடுதான் பிறந்தது. குரல் பொய்யில்லை. எழுபது ஆண்டு கழித்து, இத்தனை ரீபூட்டுக்குப் பிறகும், அந்தக் குரல் தன் வீட்டு வாசலைத் தாண்டி வரவில்லை என்பதுதான் என் குறை. படத்தின் சிப்பாய்கள் குற்ற உணர்ச்சியில் வேகிறார்கள். யாருக்காக என்று பார்த்தால் எல்லாம் தங்கள் தோழர்களுக்காக.

இதில் ஒரு வேடிக்கை, படம் நம் வாசல் வரை வரத்தான் செய்கிறது. நடுக்கடலில் காட்ஸில்லாவோடு மோதிச் சிதறும் போர்க்கப்பலின் பெயர் தக்காவோ. படத்தில் அது சிங்கப்பூரிலிருந்து வருகிறது. நிஜத் தக்காவோவும் சிங்கப்பூரில்தான் கிடந்தது. 1944 அக்டோபரில் அமெரிக்க நீர்மூழ்கியிடம் அடிபட்டு நொண்டி வந்து, ஜொகூர் நீரிணையில், செலேத்தார் கடற்படைத் தளத்தில் நங்கூரமிட்டது. 1945 ஜூலை 31ல் எக்ஸ்.இ.-3 என்ற பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி நீரிணைக்குள் புகுந்து அதன் அடிவயிற்றில் வெடி வைத்தது. கப்பல் தரைதட்டியது, முழுகவில்லை. வெடி வைத்தவர்களில் இயன் ஃபிரேசர், ஜேம்ஸ் மஜெனிஸ் இருவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. போர் முடிந்து 1946 அக்டோபரில் பிரிட்டிஷார் அதை மலாக்கா நீரிணையில் மூழ்கடித்தார்கள். யமாஸாக்கி அதைத் தன் கதைக்காக மறுபடி மிதக்க வைத்திருக்கிறார். கப்பலின் பீரங்கிக் கோபுரங்களைப் பார்த்தே பெயர் சொல்லும் ரசிகர்கள் உலகெங்கும் கைதட்டினார்கள். அது நின்ற கரைக்கு எதிரே என்ன நடந்தது என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

பாலோவில் என்ன நடந்தது என்று கேட்ட படம் மலாயில் இருக்கிறது. அட்மான் சாலே இயக்கி 2003ல் வந்தது, பெயரே ‘பாலோ’. ஜப்பானியர் ஆட்சியில் வேலை பார்க்கும் மலாய்க் காவலர்கள், காட்டுக்குள் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மலாய் – சீனக் காதல். யார் துரோகி, யார் வீரர் என்று எளிதில் பிரிக்க விடாத படம். அதில் ராட்சசன் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதன் நாயகனின் உயரத்தை யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

ராட்சசன்தான் வேண்டுமென்றால் குளுவாங் மாவட்டத்துக்கு வெளியூரிலிருந்து இறக்குமதி தேவையில்லை. கஹாங் வழியாகப் போனால் எண்டாவ் ரொம்பின் காடு. அங்குள்ள ஜக்கூன் பூர்வகுடிகளின் கதைகளில் மூன்று மீட்டர் உயரத்தில், பல் இடைவெளி விட்ட ஒரு காட்டுப் பூதம் உலவுகிறது. மாவாஸ் என்று சொல்வார்கள். 2005 கடைசியில், மீன் குளம் வெட்டும் வேலையில் இருந்த தொழிலாளர்கள் பெரியது இரண்டும் சிறியது ஒன்றுமாக மூன்று மயிரடர்ந்த உருவங்களைப் பார்த்ததாகச் செய்தி வந்தது. கூடவே 45 சென்டிமீட்டர் காலடித் தடம். பீட்டர் ஜாக்சனின் ‘கிங் காங்’ ரீபூட் உலகத் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த டிசம்பர் அது! அடுத்த மாதமே மாநில அரசு தேடுதல் குழு அனுப்பப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரிலிருந்து அமானுஷ்ய ஆராய்ச்சிக்காரர்கள் காமிராவோடு வந்தார்கள். தோட்டத்து இளவட்டங்கள் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு கிளம்பாத காடு பாக்கியிருக்காது. ஆதாரம் என்று உலவிய படங்கள் பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்றின் வேஷக்காரர்கள் என்று தெரியவந்ததும் கூட்டம் கலைந்தது.

கவனியுங்கள், அன்றைய ரசிகர்களின் புகாரும் 2014ன் புகாரும் ஒன்றேதான்: ராட்சசன் தலைகாட்டும் நேரம் போதவில்லை. யமாஸாக்கியின் அடுத்த படம் ‘காட்ஸில்லா மைனஸ் ஸீரோ’ 2026 நவம்பரில் ஜப்பானில் வருகிறது. சுருள் வால், கழுத்துப் பருமன், கதிர்வீச்சின் நிறம் எல்லாவற்றுக்கும் இப்போதே பந்தயம் தொடங்கிவிட்டது. என் பந்தயம் வேறு. இந்த முறையாவது ஒரு மலாயாத் தோட்டத்து ஆள், ஒரே ஒரு ஷாட்டில், ஓரமாகவாவது நிற்பாரா என்று வைத்திருக்கிறேன். தோற்றுப்போவேன் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் முதல் வாரமே பார்ப்பேன்.