தன்னை அறிய ஒரு ஜன்னல்

‘கோச்சிங்’ என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வும் விடியற்காலை டியூஷனும்தான். நான் சொல்லப்போவது வேறு. வேலையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே அறிந்துகொண்டு, பிறரை நடத்திச் செல்லத் துணை நிற்கும் கோச்சிங். மும்பையில் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இம்மலர் வழியாகச் சில செய்திகளை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் சொல்லின் கதை. ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஓர் ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரைசேர்க்கும் ஆசிரியரை வேடிக்கையாகக் ‘கோச்’ என்றார்கள். பிறகு அந்தச் சொல் விளையாட்டு மைதானத்துக்குப் போயிற்று. 1974-இல் திமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ என்ற நூலில், ஆடுபவரை ஓயாமல் திருத்துவதைவிட, அவர் தம் ஆட்டத்தைத் தாமே கவனிக்கச் செய்வது அதிகப் பயன் தரும் என்று விளக்கினார். இதை அலுவலக உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜான் விட்மோர். அவருடைய ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ 1992-இல் வெளிவந்தது. அதில் வரும் முறை நான்கு கேள்விகளில் அடங்கும். உங்களுக்கு என்ன வேண்டும்? இப்போது நிலைமை என்ன? என்னென்ன வழிகள் உண்டு? எதை, எப்போது செய்யப் போகிறீர்கள்?

இரண்டாவது கேள்விதான் கடினம். நம் நிலைமை நமக்கே முழுசாகத் தெரியாது. இதை விளக்க 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு படம் போட்டார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ‘ஜோஹாரி ஜன்னல்’ என்று பெயர். நம் ஜவேரி பஜாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! அந்த ஜன்னலில் நான்கு கட்டங்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒன்று. பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது ஒன்று. எனக்குத் தெரிந்து நான் மறைப்பது ஒன்று. யாருக்குமே தெரியாதது ஒன்று. முதல் கட்டம் பெரிதாகப் பெரிதாக மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்வது எளிதாகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர், பத்துப் பேருக்கு மேலாளர். “சார், என் டீம்ல யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போயிடுறாங்க” என்று வருத்தப்பட்டார். “போன மீட்டிங்ல நீங்க எவ்வளவு நேரம் பேசினீங்க தம்பி? அவங்க எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். தெரியவில்லை. அடுத்த வாரம் குறித்துக்கொண்டு வந்தார். அரைமணிக் கூட்டத்தில் அவர் பேசியது இருபத்தைந்து நிமிடம்.

“ஏன்னு அங்கேயே யாரையாவது கேட்க முடியுமா?” என்றேன். மூத்த மராட்டிய ஊழியர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: “நாங்க இந்தியில கேட்டா நீங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றீங்க. எங்களை மட்டமா நினைக்கிறீங்கன்னு பசங்க பேசிக்கிறாங்க.” தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மை நேர்மாறு. இந்தியில் ரயில் வண்டி பெண்பால். “காடி ஆத்தி ஹை” என்பதற்கு “ஆத்தா ஹை” என்று சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம் அவருக்கு! அவர்கள் கண்டது கர்வம், அவர் மறைத்தது கூச்சம். மறுநாள் கூட்டத்தில், “என் இந்தி கச்சாதான், தப்பு இருந்தா திருத்துங்க” என்று சொல்லிவிட்டு இந்தியிலேயே பேசினார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு யோசனைகளும் மெள்ள வர ஆரம்பித்தன.

நான் கேட்டவை இரண்டே கேள்விகள். விடையைத் தேடிக் கண்டவர் அவரே. “இந்தி கத்துக்கோங்க” என்று நான் அறிவுரை சொல்லியிருந்தால், கூச்சம்தான் கூடியிருக்கும்.

இடித்துரைப்பார் துணை தலைவனுக்கு வேண்டும் என்பதை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். ஊரில் அந்த வேலையைச் செய்யச் சித்தப்பா, அத்தை, பள்ளி வாத்தியார், தெருமுனைத் தாத்தா என்று பலர் உண்டு. வெளிமாநிலத்துக்கு வந்த நமக்கு அந்தக் கூட்டம் குறைவு. மேலதிகாரி ஆகிவிட்டால் இன்னும் குறைவு. கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டிலும் அப்படியே. “ஏன் மார்க் குறைஞ்சுது?” என்று கேட்டால் பிள்ளை தற்காப்புக்குப் போய்விடும். “எந்தப் பாடம் உட்கார்ந்தா நேரம் போறதே தெரியலை?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்பாகிட்ட எதைச் சொல்லப் பயமா இருக்கு?” என்றும் கேட்கலாம். ஆனால் பதிலைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டால், அந்தக் கட்டம் மறுபடி மூடிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. தூக்கமின்மை, தீராத மனச்சோர்வு போன்றவற்றுக்குக் கோச்சிங் மருந்தல்ல. மனநல மருத்துவரிடம் போவதே முறை.

இந்த வாரம், உங்களோடு வேலை செய்பவர் ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும், “என்கிட்ட எனக்கே தெரியாத ஒண்ணு சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். பதில் வந்ததும் விளக்கம் சொல்லாமல், நன்றி மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அதை மனத்தில் போட்டு வையுங்கள்.