பெயர் சொல்லும் கோடுகள்

மண்சுவரில் பிறந்த கோண்டு ஓவியம் கடல் கடந்து விலை போகிறது. வரைகிறவரின் பெயரும் கூடவே போகிறதா?

2002-ல் லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்ட மத்தியப் பிரதேசத்திலிருந்து போனார் பஜ்ஜு ஷ்யாம். இரண்டு மாத வேலை. அந்தப் பெருநகரம் இந்தப் பழங்குடி ஓவியரின் கண்ணுக்குக் காடாகத் தெரிந்தது. பாதாள ரயில் மண்புழுவாயிற்று. பிக் பென் கடிகாரம் சேவலோடு ஒன்றாகிவிட்டது. இரண்டுமே நேரம் சொல்பவைதானே? அந்த அனுபவங்களை அவர் வரைய, சென்னையின் தாரா புக்ஸ் 2004-ல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று நூலாக்கியது. நூலாசிரியராக அட்டையில் அவர் பெயர்.

போபாலில் இரவுக் காவலாளியாக இருந்த ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல. இன்றைய திண்டோரி மாவட்டத்தின் பாடன்கட் கிராமத்தில் 1971-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பஜ்ஜு. அம்மா வீட்டுச் சுவரில் வரையும்போது, அவருக்கு எட்டாத உயரத்தில் வரைந்து உதவியதுதான் முதல் பயிற்சி.

இவர்கள் பர்தான்கள். 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்து கோண்டு மக்களின் குலக்கதைகளைப் பாடி, புரவலர் தந்ததைக் கொண்டு வாழ்ந்தவர்கள். நமது சங்ககாலப் பாணர்கள் நினைவுக்கு வரலாம். புரவலர்கள் குறைந்தார்கள், பாட்டும் தேய்ந்தது. 1980-களின் தொடக்கத்தில், போபால் பாரத் பவனுக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு, பாடன்கட் சுவரொன்றில் ஜன்கட் சிங் ஷ்யாம் என்ற இளைஞரின் கைவண்ணத்தைக் கண்டது. சுவரிலிருந்து காகிதத்துக்கு மாறிய ஜன்கட், 1989-ல் பாரிஸின் பாம்பிடூ மையக் கண்காட்சி வரை போனார். உறவினர்களைப் போபாலுக்கு வரவழைத்துத் தன் ஓவியங்களில் நுண்கோடுகளை நிரப்ப வைத்தார். பஜ்ஜு தொழில் கற்றது அங்கேதான். உருவங்களின் உள்ளே நிரப்பும் கோடுகளும் புள்ளிகளும் ஆளுக்கு ஆள் மாறும். விவரமறிந்தவருக்கு அதுவே கையெழுத்து.

2001-ல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது ஜன்கட் தற்கொலை செய்துகொண்டார். நாற்பதையொட்டிய வயது. உலகம் கொண்டாடும் பழங்குடிக் கலைஞர் எத்தகைய நிபந்தனைகளில் உழைக்கிறார் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பஜ்ஜு, துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்க்ரீன் பிரிண்ட் செய்யப்பட்டு, 2008-ல் இத்தாலியின் போலோனியா புத்தகச் சந்தையில் விருது பெற்றது. பஜ்ஜுவுக்கு 2018-லும் துர்கா பாய்க்கு 2022-லும் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருதால் மட்டும் அடுப்பு எரியாது. ஓவியத்தை விற்றால் பணம் ஒரு தடவைதான். அதையே புத்தகமாகவோ காலண்டராகவோ அச்சிடும் உரிமை வேறு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வாங்கியவருக்கு அந்த உரிமை தானாகப் போய்விடாது; எழுத்து மூலம் தர வேண்டும். காலவரை குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தனக்கென்று வரையச் சொல்லும் ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். கூலி பேசிக்கொண்டு தூரிகையை எடுக்கும் ஓவியர் ஏமாறும் இடம் இதுதான்.

ம.பி.யின் கோண்டு ஓவியத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது ஊரின் பெயரை. வரைந்தவரின் பெயரைக் காப்பது ஓரத்தில் போடும் கையெழுத்தும், வேலைக்கு முன்பே எழுதி வாங்கும் ஒப்பந்தமும்தான். அடுத்தவர் ஓவியத்தில் கோடு நிரப்பத் தொடங்கும் இளைஞர், தூரிகையோடு சேர்த்துக் கற்க வேண்டிய பாடம் இது.