நூறு ரூபா தண்டமும் தரகரின் கணக்கும்

முன்னேஸ்வரத்தின் வருடாந்த உற்சவ காலத்தில் சிலாபம் பஸ் நிலையத்தில் வந்திறங்கும் கூட்டத்துக்கு இன, மத வேறுபாடு கிடையாது. அதே பஸ் நிலையத்திலிருந்து நீர்கொழும்பு, கட்டுநாயக்க, கொழும்பு என்று எதிர்த்திசையில் ஆண்டு முழுவதும் புறப்பட்டுச் செல்லும் பெண்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் செல்பவர்கள். மிகச் சிலர், அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின்னர், தலைநகரின் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்படுகின்றனர். ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் இப்பேச்சை எடுப்பது அநாகரிகமென்று கருதப்படுவதை நாம் அறிவோம். ஆனால் பேசாதிருப்பதால் இலாபமடைவோர் யாவர் என்ற கேள்வியை எத்தனை காலத்துக்குத் தள்ளிப்போடுவது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் பணத்துக்காகப் பாலுறவு கொள்வது அதனளவில் குற்றமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பலருக்கு இது வியப்பளிக்கலாம். குற்றமாக்கப்பட்டிருப்பவை அதனைச் சூழ்ந்துள்ள செயல்களே. 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம், பொது இடத்தில் ஆள் அழைப்பதையும் பிறர் உழைப்பில் தரகர் வாழ்வதையும் தண்டிக்கிறது. 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவோரையும், தெரிந்துகொண்டே அதற்கு இடம் கொடுப்போரையும் தண்டிக்கிறது. ஆட்கடத்தலைத் தனிக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 2006இல் வலுப்படுத்தப்பட்டது. வாசிக்கும்போது தரகர், விடுதிக்காரர், கடத்தல்காரர் ஆகிய மூவருமே சட்டத்தின் இலக்குகள் என்று தோன்றும். நீதவான் நீதிமன்றக் கூண்டில் நிற்பவரோ பெரும்பாலும் அந்தப் பெண்தான்.

நாடோடிகள் கட்டளைச் சட்டம் பிறந்த காலத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். கோப்பித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்த நாட்களில், வேலையின்றி வீதியில் நிற்பவனைச் சந்தேகத்துடன் நோக்கிய ஆங்கில ஆட்சியாளர், 1824இல் தமது நாட்டில் இயற்றிய சட்டத்தின் சாயலிலேயே இதனை இங்கு கொண்டு வந்தனர். யாசகரும் ஊர்சுற்றியும் விலைமாதும் ஒரே ஏட்டில் இடம்பிடித்தது அப்படித்தான். அந்த 1824ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீக்குவதற்கு 2022இல் பிரித்தானியப் பாராளுமன்றம் முடிவெடுத்தது. கொடுத்தவரே வேண்டாமென்று கழற்றிவைக்க முனைந்த சட்டையை நாம் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2017இல் இதனை நீக்குமாறு இலங்கைக்குப் பரிந்துரைத்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது.

பொது இடத்தில் ஆள் அழைத்த குற்றத்துக்கு இச்சட்டம் விதிக்கும் உச்சத் தண்டம் நூறு ரூபா. சிறையாயின் ஆறு மாதம். நூறு ரூபாவுக்கு இன்று ஒரு இறாத்தல் பாணும் வாங்க முடியாது. ஆகவே தண்டம் அற்பமானது என்று எண்ணிவிடக்கூடாது. கைதான பெண் பொலிஸ் நிலையத்தில் கழிக்கும் இரவு, சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அயலவரிடம் வேண்டும் தயவு, விடயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் ஆகியவையே உண்மையான தண்டனை. 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கங்கொடவிலவிலுள்ள மெத்செவன இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ எப்போது வெளியே வருவோம் என்பதே நிச்சயமற்றிருந்தது. இந்தப் பயத்துக்கு ஒரு சந்தை விலை உண்டு. பிடிபடாமல் காப்பாற்றுகிறேன் என்று கூறும் இடைத்தரகர் அந்த விலையை அவளது வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்கிறார். சட்டம் எவ்வளவுக்கு அச்சுறுத்துகிறதோ அவ்வளவுக்குத் தரகரின் பங்கும் உயர்கிறது.

கைத்தொலைபேசியும் இணையமும் வந்த பின்னர் தொழிலுக்குள்ளேயே ஒரு வகுப்புப் பிரிவினை ஏற்பட்டது. ‘எஸ்கோர்ட்’ சேவை, ‘ஸ்பா’ என்ற பெயர்களில் விளம்பரம் செய்யவும், ஹோட்டல் அறையில் சந்திக்கவும் வசதியுள்ளோர் வீதியில் நிற்பதில்லை. வீதியில் நிற்போருக்கென எழுதப்பட்ட 1841ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை அநேகமாகத் தொடுவதுமில்லை. மசாஜ் நிலையம் என்ற பெயர்ப்பலகை தொங்கும் இடங்களில் நீதவானின் உத்தரவு பெற்றுப் பொலிஸார் நடத்தும் சுற்றிவளைப்புகளைப் பற்றி அடிக்கடி வாசிக்கிறோம். முகாமையாளர் ஒருவரும் பெண்கள் சிலரும் கைதாகின்றனர். கட்டடத்தின் உரிமையாளரையோ முதலிட்டவரையோ பற்றி அச்செய்திகளில் எவ்வளவு தேடினாலும் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

இணையத்தை அடைத்தால் தொழில் ஒழியும் என்போருக்கு அமெரிக்க அனுபவம் ஒரு பாடம். 2018 ஏப்ரலில் அங்கு பேக்பேஜ் என்ற விளம்பரத் தளம் முடக்கப்பட்டது. அதே மாதத்தில், இத்தகைய தளங்களை நடத்துவோரைத் தண்டிக்கும் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் அரச கணக்காய்வு அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புதிய குற்றப்பிரிவு அதுவரை பயன்படுத்தப்பட்டது ஒரேயொரு வழக்கில். தளங்கள் பல கடல்கடந்து வேறு நாடுகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. வாடிக்கையாளர் யாரென்று முன்கூட்டியே விசாரித்தறியும் வாய்ப்பை இழந்த பெண்களுக்கு ஆபத்து கூடியது.

சட்டம் இப்படியிருக்க, பொருளாதாரம் தன் பங்கைச் செய்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தையும், உணவுப் பொருட்களின் விலையேற்றம் ஏறத்தாழ 95 சதவீதத்தையும் தொட்டது. 2021இல் 13 சதவீதமளவிலிருந்த வறுமை, அடுத்த ஆண்டில் 25 சதவீதத்தைத் தாண்டியதாக உலக வங்கி மதிப்பிட்டது. சிலாபம், உடப்பு, கற்பிட்டிக் கரையோரத்தவருக்கு அந்த ஆண்டை நினைவூட்ட வேறு புள்ளிவிபரம் தேவையில்லை. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவானது. படகு கரையில் கிடந்தால் வள்ளக்காரரின் வீட்டில் மட்டுமா அடுப்பு அணைகிறது? கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும், மீன் கூறுபோடும் பெண்ணுக்கும் அன்றைய கூலி இல்லை.

அத்தகைய வீடுகளின் பெண்பிள்ளைகளுக்கு ஆடைத் தொழிற்சாலையே வழக்கமான அடைக்கலம். கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் 2022இல் சுமார் 590 கோடி டொலராக இருந்த ஆடை, புடைவை ஏற்றுமதி அடுத்த ஆண்டில் 490 கோடியளவுக்கு இறங்கியது. கட்டளைகள் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது மேலதிக நேர வேலை. அந்தப் பணத்தை நம்பியே விடுதி வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் கணக்கிடப்பட்டிருக்கும். பாலியல் தொழிலாளர்களிடையே பணியாற்றும் ஸ்டாண்ட் அப் மூவ்மன்ட் லங்கா அமைப்பு, 2022இன் சில மாதங்களுக்குள் இத்தொழிலுக்கு வந்தோர் தொகை 30 சதவீதம் அதிகரித்ததாகவும், அவர்களுள் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தோர் பலரென்றும் ஊடகங்களிடம் தெரிவித்தது. இது ஓர் அமைப்பின் கணிப்பு, அரச கணக்கெடுப்பன்று. எனினும் அது காட்டிய திசையை மறுப்பதற்கில்லை.

நுண்கடனையும் இங்கு சேர்த்தே நோக்க வேண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, தவணை கட்ட இயலாத பெண்களிடம் கடன் வசூலிப்போர் சிலர் பாலியல் இணக்கத்தைக் கேட்பதாகத் தமக்குக் கிடைத்த முறைப்பாடுகளைப் பகிரங்கப்படுத்தினார். சந்தியில் நிற்கும் பெண்ணைத் துரத்தும் சமூகம், தவணை நாளில் வாசலுக்கு வந்து நிற்கும் அந்த மனிதரை என்ன பெயரிட்டு அழைக்கிறது? பாலியல் இலஞ்சத்தை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வெளிப்படையாகவே குற்றமாக்கியது வரவேற்கத்தக்கது.

வளைகுடா வழியிலும் இதே கணக்கே நடக்கிறது. புத்தளம் மாவட்டத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு வளைகுடா வருமானம் நன்கு பழகியது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பதிவுசெய்து போகும் வழி அடைபட்டபோது தேவை அடைபடவில்லை. சுற்றுலா விசாவில் அனுப்பும் தரகரின் வாசல் திறந்தது. 2022இல் அரசாங்கம் விதிகளைத் தளர்த்தத் தொடங்கிய அதே ஆண்டில்தான், சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கு பாலியல் சுரண்டலுக்கும் ஆளான விவகாரம் வெளியாகி, தூதரக அதிகாரி ஒருவரே கைதானார்.

அயல்நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உண்டு. விடுதி நடத்துவது அங்கும் குற்றமே. எனினும் 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், தேடுதல் நடக்கும் விடுதியில் தம் விருப்பத்தோடு தொழில் செய்யும் வயதுவந்த பெண்களைக் கைது செய்வதோ, தண்டம் விதிப்பதோ, துன்புறுத்துவதோ கூடாதென்ற பரிந்துரைகளை ஏற்றுப் பணித்தது. தொழிலை அது புனிதமாக்கவில்லை. பெண்ணையும் விடுதிக்காரரையும் வேறுபடுத்திப் பார்க்கும்படி பொலிஸாருக்குச் சொன்னது, அவ்வளவே.

எமது சமயங்கள் எவையும் இத்தொழிலை ஏற்பதில்லை. நாமும் அதற்காக வாதாடவில்லை. நாடோடிகள் கட்டளைச் சட்டத்தில் ஆள் அழைத்தலுக்கான பிரிவு நீக்கப்பட வேண்டும் என்பதும், தரகரையும் கடத்தல்காரரையும் பற்றிய பிரிவுகள் உண்மையாகவே பிரயோகிக்கப்பட வேண்டும் என்பதுமே எமது நிலைப்பாடு. சுற்றிவளைப்பு ஒவ்வொன்றின் பின்னரும் எத்தனை பெண்கள் கைதாயினர் என்று அறிவிக்கும் பொலிஸ் திணைக்களம், அந்தக் கட்டடத்துக்கு யார் வாடகை பெற்றார், வருமானம் யாருடைய வங்கிக் கணக்குக்குச் சென்றது என்பதையும் அதே அறிக்கையில் சேர்க்கட்டும். 1889ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கான அதிகாரத்தை ஏற்கெனவே வழங்கியிருக்கிறது.