கம்பெனி கழன்றால் பந்தயம் காலி! உலக கார் ரேஸ் தொடர் நடத்துவதில் உள்ள சிக்கல்கள்

கார் பந்தயம் என்றால் நமக்கு வேகம்தான் ஞாபகம் வரும். ஆனால் நாடு நாடாக பந்தயம் நடத்துபவர்களுக்கு தூக்கத்தை கெடுப்பது வேகம் அல்ல, பணம்!

இதற்கு நல்ல உதாரணம், 2012-ம் ஆண்டு தொடங்கிய உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப் தொடர். பிரான்சில் 1923 முதல் நடக்கும் புகழ்பெற்ற 'லீ மான்ஸ் 24 மணி நேர' பந்தயத்தை மையமாக வைத்து, அமெரிக்கா, பெல்ஜியம், பிரான்ஸ், இங்கிலாந்து, பிரேசில், பக்ரைன், ஜப்பான், சீனா ஆகிய 8 நாடுகளில் முதல் சீசன் நடத்த முடிவானது.

2 மாதத்துக்கு முன் 'குண்டு'

முதல் பந்தயம் 2012 மார்ச் 17-ல். ஆடி, பியூஜோ கம்பெனிகளின் மோதல்தான் தொடரின் பெரிய கவர்ச்சி. ஆனால் ஜனவரி 18-ந் தேதி பியூஜோ திடீரென 'நாங்கள் வரவில்லை' என்று ஒதுங்கியது. ஐரோப்பாவில் கார் விற்பனை மந்தம். தொழிலாளர்களை குறைத்துக்கொண்டிருந்த கம்பெனி, பந்தயத்துக்கு எப்படி கோடிகளை கொட்டும்?

அந்த ஆண்டு ஜூனில் லீ மான்சில் களம் இறங்கிய டொயோட்டாதான், ஆடிக்கு எதிராக நின்று தொடரை காப்பாற்றியது.

வரவு எங்கே, செலவு எங்கே?

அணிகள் கட்டும் கட்டணம், பந்தயம் நடக்கும் ஊர்க்காரர்கள் தரும் தொகை, டி.வி. உரிமை, விளம்பரம், டிக்கெட். இவைதான் வரவு. கார்களையும் உதிரி பாகங்களையும் கண்டம் விட்டு கண்டம் கொண்டு போவது, பாதுகாப்பு, மைதான ஏற்பாடு எல்லாம் செலவு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெரிய கம்பெனி வந்தால்தான் டி.வி.க்காரர் வருவார். டி.வி. இருந்தால்தான் கம்பெனி வரும். யார் முதலில் வருவது? அதோடு, பெரும்பாலான பந்தயங்கள் 6 மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் எந்த டி.வி. ஒதுக்கும்?

ஊர்க்காரர் கையை விரித்தாலும் சிக்கல்தான். 2020 பிப்ரவரியில் பிரேசிலில் நடக்க இருந்த பந்தயம் ரத்தாகி, அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. பிரேசிலுக்கு தொடர் திரும்பியது 2024-ல்தான்.

பழைய கதை

இது புதிது அல்ல. 1953-ல் தொடங்கிய பழைய உலக ஸ்போர்ட்ஸ் கார் தொடருக்கும் இதே கதிதான். பார்முலா-1 போன்ற 3.5 லிட்டர் என்ஜின்தான் வேண்டும் என்று விதி மாறியதும் செலவு எகிறியது. 1991 முடிவில் மெர்சிடிஸ், ஜாகுவார் கழன்றுகொண்டன. 1992-ல் சொற்ப கார்களே ஓடின. 1993-ல் தொடரே ரத்து!

புதிய தொடரிலும் செலவு ஏறியது. டீசல் புகை மோசடியில் தாய் கம்பெனி போக்ஸ்வேகன் மாட்டியபிறகு, 2016-ல் ஆடி வெளியேறியது. 2017-ல் போர்ஷே. மிஞ்சியது டொயோட்டா மட்டும்.

செலவை குறைக்க 2021-ல் 'ஹைப்பர்கார்' விதி வந்தது. பலன் கிடைத்தது. 2022-ல் பியூஜோவே திரும்பி வந்தது. 50 ஆண்டுக்கு பிறகு முதன்மை பிரிவுக்கு வந்த பெராரி, 2023-ல் லீ மான்சை வென்றது. அதை நேரில் பார்த்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2024-ல் 9 கம்பெனிகள் மோதின.

சென்னை வீரர்

2012 முதல் சீசனில் நம்ம சென்னையை சேர்ந்த கருண் சந்தோக்கும் ஓடினார். லீ மான்ஸ் 24 மணி நேர பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். கார் கம்பெனியின் சொந்த அணியில் அல்ல, தனியார் அணி ஒன்றில் ஓடி ஒட்டுமொத்தமாக 6-வது இடம் பிடித்தார். கம்பெனிகள் வரும், போகும். அந்த நேரத்தில் மைதானத்தை நிரப்பி தொடரை தாங்குவது இப்படிப்பட்ட சின்ன அணிகள்தான்.

ஆபத்து நீங்கிவிடவில்லை. 2025 சீசனுக்கு முன்பே லம்போர்கினி விலகியது. அந்த சீசன் முடிவோடு போர்ஷேவும் ஹைப்பர்கார் பிரிவுக்கு டாட்டா காட்டியது. கம்பெனி கணக்கு புத்தகத்தில் நஷ்டம் விழுந்தால், முதலில் வெட்டுவது பந்தய செலவைத்தான்!