களத்துக்கு எத்தனை கட்டம்?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இரத்தோட்டை டவுனுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஏறி வர மத்தியானமாகிவிடும். ஒரே பத்திரிகை நாலைந்து வீடு சுற்றும். எல்லோரும் வாசித்து முடித்த பிறகுதான் அப்பா குறுக்கெழுத்துப் போட்டியை வெட்டியெடுத்துத் தபாலட்டையில் ஒட்டுவார்.

‘இடமிருந்து வலம்: யுத்தம் நடக்கும் இடம்.’ ஆறு கட்டம், போர்க்களம். ‘மல்யுத்தம் இங்கே, திரும்பியுள்ளது.’ இரண்டே கட்டம். கோதாவைத் தாகோ என்று எழுத வேண்டும். ‘ஆறு சூழ்ந்த மேடு, கூத்தாடும் மேடையும்கூட.’ ஐந்து கட்டம், அரங்கம். இந்தச் சொல் வந்தால் அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அரங்குக்கு அளவே இருக்கிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோல் 24 விரல். மலையில் வளர்ந்த மூங்கிலில்தான் அந்தக் கோலை வெட்ட வேண்டும். எங்கள் கதவடியில் விரல்களை அடுக்கி அடுக்கி அவர் அளந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அப்பா தினமும் நின்ற களம் வேறு. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டு நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. மாசியில் ரதி மன்மதன் கதை ஆடும் காமன் பொட்டலுக்கோ கோலும் இல்லை, விரலும் இல்லை. சனம் சுற்றி உட்கார்ந்த இடம்தான் எல்லை. பிரட்டுக்களம், காமன் பொட்டல் என்ற இரண்டு சொற்களையும் விடையாகக் கேட்ட போட்டியை நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை.

1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் நியூயோர்க் பத்திரிகையொன்றில் முதல் குறுக்கெழுத்துக் கட்டங்களை வரைந்தபோது ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. தமிழிலும் கடதாசியில் குழப்பமில்லை: ‘பி’ ஒரு கட்டம், ‘ட்’ ஒரு கட்டம். இப்போது மகள் போனில் விளையாடுகிறாள். விளையாடுகிற இடம் எதுவானாலும் அவளுக்கு ‘கிரவுண்ட்’. பிரட்டுக்களம் என்ற சொல்லை நான் சொல்லித்தான் கேட்டாள். கேட்ட கையோடு, கட்டம் போட்டுத்தரும் ஒரு செயலியில் அடித்துப் பார்த்தாள். பதின்மூன்று கட்டம் வந்தது. யூனிகோடில் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறி. எழுத்தைச் சேர்த்து எண்ணத் தெரியாத செயலி அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடுகிறது.

“அப்பா, இது எட்டுத்தானே?”

எட்டுத்தான். கொப்பியைக் கிழித்து அடிமட்டத்தால் கோடு போட்டோம். பிரட்டுக்களம் இடமிருந்து வலம். காமன் பொட்டல் மேலிருந்து கீழ், ஏழு கட்டம். எங்கே வெட்டுகிறது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள்: பிரட்டுக்களத்தில் மூன்றாவது எழுத்து, காமன் பொட்டலில் ஐந்தாவது, ‘ட்’.