கிட்டார் அடிக்கடி சுருதி இறங்குதா? பென்சிலை எடுங்க!

எலெக்ட்ரிக் கிட்டாரை இப்பத்தான் ட்யூன் பண்ணீங்க. கம்பியை இழுத்து ஒரு பெண்ட் வாசிச்சதும் ஜி கம்பி சுருதி இறங்கிடுச்சா? ட்யூனிங் கீ மாற்றக் கடைக்கு ஓடாதீங்க. கீயைத் திருகும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால், குற்றவாளி பெரும்பாலும் நட்தான். கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதிந்து செல்லும் சின்னப் பட்டை அது. அதிலுள்ள பள்ளம் இறுக்கமாக இருந்தால், இழுபட்ட கம்பி அங்கேயே சிக்கிக்கொள்ளும். பழைய இடத்துக்குத் திரும்பாது. கிப்சன் லெஸ் பாலில் நட்டைத் தாண்டியதுமே கம்பிகள் பக்கவாட்டில் வளைவதால் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பள்ளத்துக்குள் 2பி பென்சிலை நல்லாத் தேயுங்க. கிராஃபைட் வழுக்கிக்கொடுக்கும். பிறகு சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி ட்யூன் பண்ணுங்க. அப்பவும் 'டிங்' கேட்டால் பள்ளத்தை அகலப்படுத்தணும். அதை கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் விடுங்க. பள்ளம் ஆழமாகிட்டா, கம்பி முதல் ஃப்ரெட்டில் இடித்து இரையும். அப்புறம் புது நட்டுக்குத்தான் செலவு!