கையை இறக்கிய சாம்பியன்

வடசென்னையின் குத்துச்சண்டை – 14

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி மெட்ராசுக்கு வந்தபோது அவர் பெயரில் 59 போட்டிகள் இருந்தன. 56 வெற்றி, 3 தோல்வி. உலக ஹெவிவெயிட் பட்டத்தை மூன்று முறை வென்ற முதல் மனிதர் அவர். முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்துவிட்டார். வயது 38. அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். நேரு ஸ்டேடியத்தில் நடந்தது பட்டத்துக்கான போட்டி அல்ல, காட்சிப் போட்டி. அலியோடு ரிங்கில் ஏறியவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்தான் அவருக்கும் ஊர். சிறுவயது முதல் தோழர், பயிற்சியில் அலியின் அடியை வாங்கி வளர்ந்தவர், பிறகு அவரும் ஒரு முறை உலக சாம்பியன்.

56–3 என்ற அந்தக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் நான் சொல்ல வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்ற ஊர் இது. கித்தேரி முத்து நாட் டெர்ரியை வென்ற கதையைப் பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர். ஹார்பரில் மூட்டை இறக்கியவர்களும், பின்னி மில்லில் தறியோடு நின்றவர்களும், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிஃப்ட் முடித்து வந்தவர்களும் கிளவுஸ் மாட்டிய ஊர். ராயபுரத்திலிருந்து நேரு ஸ்டேடியம் நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். அப்படிப்பட்ட ஊருக்கு அலி வந்தது சாதாரணச் செய்தி இல்லை. தோலின் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டவன் உலகத்தின் முன்னால் நின்று ‘நானே பெரியவன்’ என்று கத்துவது என்ன அர்த்தம் என்று வடசென்னைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல் வந்த பிறகு மற்றவர்களுக்கும் அது ஓரளவு புரிந்திருக்கிறது.

அலியைப் பற்றி அன்பு நிறையப் பேசியாயிற்று. குத்துச்சண்டை தெரிந்த ஊர் என்பதால் இங்கே வேறு மாதிரிப் பேசலாம். நம்ம ஊர் வாத்தியார் ஒருவர் அலியை எடைபோட்டால் என்ன சொல்லியிருப்பார்?

வாத்தியாரிடம் பையன் சேர்ந்த முதல் நாள் பாடம்: கையைத் தாடையிலிருந்து இறக்காதே. இரண்டாவது பாடம்: அடி வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுக்காதே, பக்கவாட்டில் நழுவு, இல்லை குனி. மூன்றாவது: விலாவைப் போடு, விலா செத்தால் தலை தானாகக் கீழே வரும்.

அலி மூன்றையும் செய்யவில்லை. கைகள் இடுப்புக்கருகே தொங்கும். அடி வந்தால் தலையை நேராகப் பின்னால் இழுப்பார். உடம்பில் அடிப்பது அபூர்வம். நெருங்கி நின்று அடித்துக்கொள்ளும் சண்டையும் அவருக்கு வராது. எதிராளி உள்ளே நுழைந்தால் கழுத்தைப் பிடித்து அழுத்தித் தொங்குவார். அது விதிப்படி தப்பு, ஆனால் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற பலமும் ஃபோர்மன், ஷேவர்ஸ் போன்றவர்களோடு ஒப்பிட்டால் அவரிடம் இல்லை.

இவ்வளவு பிழையோடும் முதல் 29 போட்டிகளில் ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை என்பதுதான் அதிசயம். பிழைகளை எல்லாம் கால்கள் மறைத்தன. ஆறடி மூன்று அங்குலம், 78 அங்குலக் கைவீச்சு, அதோடு லைட்வெயிட் ஆட்டக்காரனின் கால். அந்த எடைக்கு அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன் உலகம் பார்த்ததில்லை. அடி வருவதைக் கண் பார்த்து, அடிக்கும் தாடைக்கும் நடுவே ஓர் அங்குலம் விட்டுத் தலையை இழுத்துக்கொள்வார். அந்த ஓர் அங்குலத்தை அளப்பதில் அவருக்கு நிகர் இல்லை. எதிராளி காற்றில் அடித்துச் சாயும் நொடியில் இடதுகை ஜாப் போய் முகத்தில் உட்காரும். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த ஆட்டத்தைப் பாருங்கள். பின்னால் நகர்ந்துகொண்டே ஒருவன் நாக்-அவுட் செய்ய முடியும் என்று அதில்தான் தெரியும். அலியின் உச்சம் என்று நான் நினைப்பது அதைத்தான். பலரும் சொல்கிற 1974 கின்ஷாசா ஆட்டம் அல்ல.

ஆனால் ஓட்டை அப்போதே தெரிந்திருந்தது. 1962-ல் சானி பேங்க்ஸ் என்ற அதிகம் அறியப்படாத ஆட்டக்காரர் அலியைக் கீழே தள்ளினார். 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் தள்ளினார். 1971-ல் ஜோ ஃப்ரேசியர் பதினைந்தாவது ரவுண்டில் தள்ளினார். மூன்றும் ஒரே அடி: இடதுகை ஹூக். வலதுகை கீழே தொங்குகிறது, தலை நேராகப் பின்னால் போகிறது என்றால் இடது ஹூக்குக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பொருள். மூன்று முறையும் எழுந்தார். கூப்பரை அடுத்த ரவுண்டிலேயே முடித்தார். எழுந்துவிடுவார் என்பது அவருடைய பெரிய பலம். பிற்காலத்தில் அவருக்கு வந்த கேட்டின் விதையும் அதுதான் என்பேன்.

1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள். 25 வயதிலிருந்து 28 வரை, மூன்றரை ஆண்டு, ரிங் இல்லை. ஒரு மனிதனாக அவர் எடுத்த முடிவுகளில் இதைவிடப் பெரியது இல்லை. குத்துச்சண்டைக்காரனாக அவர் கொடுத்த விலையும் இதைவிடப் பெரியது இல்லை. 1970 அக்டோபரில் திரும்பி வந்தவரிடம் பழைய கால்கள் இல்லை. முன்பு நாலைந்து ரவுண்டு ஆடிக்கொண்டே இருந்தவர், இப்போது ஒரு ரவுண்டில் பாதி நேரம் நின்றார். நின்றால் அடி விழும். விழுந்தபோதுதான் தனக்கே தெரியாதிருந்த ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அவரால் அடி தாங்க முடியும். யாரைவிடவும் அதிகமாகத் தாங்க முடியும்.

இரண்டாவது அலி அங்கே பிறந்தார். முதல் அலி அடி வாங்காமல் ஜெயித்தவர். இவர் அடி வாங்கி ஜெயித்தவர். 1973-ல் கென் நார்ட்டன் தாடையை உடைத்த பிறகும் 12 ரவுண்டு முழுக்க நின்று தோற்றார். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா: 40 போட்டியில் 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட் வைத்திருந்த 25 வயது ஜார்ஜ் ஃபோர்மன். ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் நொறுக்கியவர். அலி முதல் ரவுண்டில் ஜாப் இல்லாமல் நேராக வலதுகையை விட்டார். தூரத்திலிருந்து வருகிற அந்த அடியை எந்த வாத்தியாரும் அனுமதிக்க மாட்டார். அதனாலேயே ஃபோர்மன் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கி, ஆளைக் களைக்க வைத்து எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். மூளையால் ஜெயித்த ஆட்டம் என்று சரியாகவே சொல்கிறார்கள். கூடவே, விலாவிலும் கையிலும் தலையிலும் அவர் வாங்கிய அடிகளையும் சொல்ல வேண்டும். வெற்றியின் வெளிச்சத்தில் அவை மறைந்துபோயின.

ஓராண்டு கழித்து மணிலா. காலை நேரப் போட்டி, தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிற நம்மவர்களுக்குத் தெரியும் அந்தப் புழுக்கம். 14 ரவுண்டு முடிந்ததும் ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தன் ஆளை எழவிடாமல் உட்கார வைத்தார். அலி ஜெயித்தார். சாவுக்குப் பக்கத்தில் போய்வந்ததாகப் பின்னர் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று குத்துச்சண்டை தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன்.

அவர் நிறுத்தவில்லை. 1976 மே மாதம் ரிச்சர்ட் டன்னை நிறுத்தியதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஆடிய ஏழு போட்டிகளில் ஒருவரையும் நாக்-அவுட் செய்யவில்லை. அதே ஆண்டு ஜிம்மி யங்கோடும் நார்ட்டனோடும் நடுவர்கள் கொடுத்த வெற்றிகள் இன்றும் விவாதத்துக்கு உரியவை. பெயருக்காகப் புள்ளி கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன். 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் அடிகளை 15 ரவுண்டு தாங்கினார். அந்தப் போட்டிக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ சிறுநீரகம் கெட்டு வருவதைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை அலியின் தரப்புக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் போட்டிகளை ஏற்பாடு செய்த டெடி பிரென்னர், இனி அலிக்கு அங்கே போட்டி தரமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சொன்னவர்கள் வெளியேறினார்கள், சொல்லாதவர்கள் கூடவே இருந்தார்கள்.

இதற்கு முன் ஏழே போட்டிகள் ஆடியிருந்த லியான் ஸ்பிங்க்ஸிடம் 1978 பிப்ரவரியில் தோற்று, செப்டம்பரில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஓய்வு அறிவித்தார். அடுத்ததாக இந்தியப் பயணம். டெல்லியில் ராணுவ வீரர் கவுர் சிங் அவரோடு காட்சிப் போட்டி ஆடினார். இரண்டு ஆண்டு கழித்து அதே டெல்லியில் ஆசியப் போட்டியின் ஹெவிவெயிட் தங்கம் கவுர் சிங்குக்குக் கிடைத்தது. மெட்ராசும் முடிந்தது. இந்தியாவிலிருந்து, அதிபர் கார்ட்டரின் தூதராக மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு கேட்டு அலி ஆப்பிரிக்காவுக்குப் பறந்தார்.

மெட்ராசில் நின்ற அலியை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. 56–3. கௌரவமான கணக்கு. உடம்பு கனத்திருந்தாலும் பேச்சில் குறும்பு இருந்தது. ஆனால் அதே 1980-ல் அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாசில் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். தன்னிடமே பயிற்சித் துணையாக வேலை பார்த்த பையன் ஹோம்ஸ். எடையைக் குறைக்க அலி தைராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார். மேயோ கிளினிக் செய்த பரிசோதனையில் ஒற்றைக் காலில் குதிப்பதில் தடுமாற்றம், பேச்சில் லேசான குழறல் எல்லாம் பதிவாகியிருந்தன. அப்படியும் நெவாடாவில் உரிமம் கொடுத்தார்கள். பத்து ரவுண்டு. அலி ஒரு ரவுண்டைக்கூட ஜெயிக்கவில்லை. அடிக்க மனமில்லாமலேயே ஹோம்ஸ் அடித்தார். அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். அலி பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்ற ஒரே போட்டி இதுதான். பேசிய பணத்திலும் ஒரு மில்லியன் டாலருக்கு மேல், போட்டியை ஏற்பாடு செய்த டான் கிங் பிடித்துக்கொண்டார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் இன்னொரு தோல்வி. கணக்கு 56–5 என்று மூடியது. மெட்ராசைவிட்டுப் போன பிறகு ஆடிய இரண்டு போட்டியிலும் தோல்விதான்.

என் தீர்ப்பு இது. ஹெவிவெயிட்டில் அலியைப்போல் இன்னொருவர் இல்லை. 25 வயதுவரை அவருடைய திறமை, அதற்குப் பிறகு அவருடைய தைரியம், இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது கடினம். ஆனால் கால் போன பிறகு கையைத் தூக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நெருக்கத்தில் சண்டை போடவும் கற்கவில்லை. தற்காப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாங்கும் சக்தியை வைத்தார். பயிற்சியில்கூட அடி தாங்கிப் பழகுவதற்காக மற்றவர்களைத் தன்மேல் அடிக்கவிட்டார். அது வீரம் இல்லை, தப்பான பயிற்சி. நம்ம ஊர் வாத்தியார்கள் அலியைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அடிகளுக்கும் அந்த நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஜிம்மி எல்லிஸ் விஷயத்தில் அந்தச் சந்தேகமும் பெரிதாக இல்லை. குத்துச்சண்டையால் வருகிற மறதிநோயில் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு 2014-ல் இறந்தார். அலி 2016-ல் போனார். நேரு ஸ்டேடிய ரிங்கில் அன்று சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்ட இரண்டு பேருக்கும் மூளைதான் முதலில் போனது. தலையில் வாங்கிய அடி பல ஆண்டு கழித்து வெளியே தெரியும் என்று அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார்.

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டிய பெரியவர் இருக்கலாம். அவருக்குக் கை நடுங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், காரணமில்லாமல் கோபம் வந்தால், வயசாகிவிட்டது, குடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எத்தனை வருடம் ரிங்கில் ஆடினார், எத்தனை முறை மயங்கி விழுந்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

(தொடரும்)